ஓசூரில் ஒரு வேலை விசா ஆலோசனை நிலையம்: மூன்று கேள்விகளும் தவறிப்போன ஒரு தேதியும்

எங்களுடையது ஓசூர் சிப்காட்டில் இயங்கும் நடுத்தர அளவிலான தொழிற்சாலை. அலுமினிய டை காஸ்டிங் முறையில், அதாவது உருகிய அலுமினியத்தை உலோக அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் முறையில், இருசக்கர வாகன உதிரிபாகங்களைச் செய்து கொடுக்கிறோம். நிர்வாகப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல், பி.எஃப்., தொழிலாளர் துறைக்கான படிவங்கள் ஆகியவற்றைக் கவனித்துவரும் எனக்கு, 2023 வரை வெளிநாட்டவர் ஒருவரைப் பணியில் அமர்த்திய அனுபவம் கிடையாது. அந்த ஆண்டில் கொரியாவிலிருந்து ஓர் அச்சு வல்லுநரையும், அடுத்த ஆண்டில் தைவானிலிருந்து ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரையும் வரவழைத்தோம். இருவருக்கும் விசா வாங்குவது, வந்தபின் பதிவு செய்வது, ஆண்டுதோறும் நீட்டிப்பது ஆகிய எல்லா வேலைகளையும் பாகலூர் சாலையில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய ஆலோசனை நிலையத்திடம் ஒப்படைத்தோம். அவர்களுடைய சேவையில் நான் கண்ட நிறைகளையும் ஒரு பெருங்குறையையும் இங்கே எழுதுகிறேன். குறையைச் சொல்லப் போவதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஓசூர், குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலைகள் பெருகிவரும் நேரத்தில், இத்தகைய சேவையை முதன்முறையாக நாடும் நிறுவனங்களுக்கு எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும் என்று கருதுகிறேன்.

இவர்களிடம் போவதற்கு முன் வெளியூர் ஏஜென்ட் ஒருவரிடம் பேசியிருந்தோம். அவர் சொன்ன வழி மிகவும் எளிதாக இருந்தது. கொரியருக்கு பிசினஸ் விசா வாங்கிவிடலாம், சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகட்டும், மறுபடி வரட்டும், ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். செலவும் குறைவு. எங்கள் முதலாளி ஏறக்குறைய சம்மதித்துவிட்டார். நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால்தான் பாகலூர் சாலை நிலையத்துக்கும் ஒருமுறை போய்வருவோம் என்று முடிவு செய்தோம்.

அங்கே எங்களுக்கு விண்ணப்பப் படிவம் எதையும் எடுத்து நீட்டவில்லை. நிலையத்தை நடத்துபவர் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார். அவர் இங்கே என்ன வேலை செய்யப் போகிறார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? இரவில் அவர் எங்கே தங்குவார்? முதல் இரண்டு கேள்விகளுக்கும் நாங்கள் சொன்ன பதிலைக் கேட்டவுடனேயே பிசினஸ் விசா பொருந்தாது என்று சொல்லிவிட்டார். கொள்முதல் பற்றிப் பேசுவதற்கும், கூட்டங்களில் கலந்துகொள்வதற்கும், சரக்கைப் பார்வையிடுவதற்கும், தொழில் தொடங்கும் வாய்ப்புகளை ஆராய்வதற்கும் வருவோருக்கானது பிசினஸ் விசா. எங்கள் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறி, எங்கள் தொழிற்கூடத்தில் நின்று, எங்கள் ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து, ஓராண்டு பணியாற்றப் போகிறவர் வேலை விசாவில்தான் வர வேண்டும். வேறு விசாவில் வந்துவிட்டுப் பிறகு இங்கிருந்தபடியே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம் என்று எச்சரித்தார். “பிசினஸ் விசாதான் வேண்டும் என்றால் நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் சார், நான் அதைச் செய்து தர மாட்டேன். நாளைக்குச் சோதனை வந்தால் மாட்டிக்கொள்வது நானோ நீங்களோ அல்ல, மொழி தெரியாத ஊரில் அந்த மனிதர்தான் நிற்பார்” என்றார். வந்த வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் இவ்வாறு பேசியதைக் கேட்டபோதே, எங்களுக்கு உரிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வேலை விசாவுக்கான ஆவணங்களைத் தயாரித்த விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். உள்ளூரில் தகுதியுள்ள ஆட்கள் எளிதாகக் கிடைக்கும் வேலைக்கும், எழுத்தர் வேலை போன்ற வழக்கமான வேலைகளுக்கும் இந்திய அரசு வேலை விசா கொடுப்பதில்லை. எனவே இந்த மனிதர் ஏன் தேவை என்பதை நிறுவனம் எழுத்தில் விளக்க வேண்டும். நான் எழுதிய முதல் கடிதம் “மிகச் சிறந்த அனுபவம் வாய்ந்தவர்”, “நிறுவனத்தின் வளர்ச்சிக்கு இன்றியமையாதவர்” என்ற சொற்களால் நிறைந்திருந்தது. அதை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் தொழிற்கூடத்துக்கே நேரில் வந்து, அச்சுப் பிரிவு மேற்பார்வையாளரிடம் அரை நாள் பேசினார். மெல்லிய சுவர் கொண்ட வார்ப்புகளில் எங்களுக்கு நுண்துளைகள் விழுந்துகொண்டிருந்தன. அச்சின் வெப்பநிலை எல்லாப் பகுதிகளிலும் ஒரே சீராக நிற்காததே அதற்குக் காரணம். அச்சுக்குள் ஓடும் குளிர்நீர்ப் பாதைகளை மாற்றி அமைப்பதில் அந்தக் கொரியருக்கு இருபது ஆண்டு அனுபவம் இருந்தது. கடிதத்தில் இறுதியாக இடம்பெற்றது இதுதான். அதைப் படித்தபோது, எங்களுடைய தேவையை எங்களுக்கே யாரோ தெளிவாக எடுத்துச் சொன்னதுபோல் இருந்தது.

சம்பள விஷயத்தில் அவர்கள் காட்டிய கவனம் தைவான் பொறியாளரின் விண்ணப்பத்தில் வெளிப்பட்டது. ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, வேலை விசாவில் வருபவரின் ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. தத்தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரர், ஆங்கிலம் அல்லாத மொழியைக் கற்பிப்பவர், மொழிபெயர்ப்பாளர் போன்றோருக்கு இந்த வரம்பு கிடையாது, பொறியாளருக்கு உண்டு. நாங்கள் பேசியிருந்த சம்பளம் ஆண்டுக்கு 14,40,000 ரூபாய். அதோடு மாதம் 22,000 ரூபாய் வாடகையில் வீடும் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தோம். வீட்டு வாடகை ஆண்டுக்கு 2,64,000 ரூபாய் ஆகிறது, இரண்டையும் கூட்டினால் 17 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது என்று நான் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன். அந்தக் கணக்கு தவறு என்று நிலையத்தின் கணக்காளர் விளக்கினார். வீடு போன்ற சலுகைகளைச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டலாம். ஆனால் வருமான வரிக்கு எந்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படுகிறதோ அந்த மதிப்பை மட்டுமே சேர்க்க முடியும். நிறுவனம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் வீட்டுக்கு, உண்மையான வாடகை அல்லது சம்பளத்தில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவே வரிக்குரிய மதிப்பு. எங்கள் கணக்கில் அது 1,44,000 ரூபாய்தான். ஆக மொத்தம் 15,84,000 ரூபாய். வரம்புக்கு 41,000 ரூபாய் குறைவு. சம்பளத்தை 15 லட்சமாக உயர்த்தச் சொன்னார்கள். வீட்டின் மதிப்பு ஒன்றரை லட்சத்தோடு சேர்ந்து 16.5 லட்சம் ஆனது. இந்தக் கணக்கை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே போட்டுப் பார்த்ததால், தைபேயில் விசா வழங்கும் இந்தியா–தைபே சங்கத்திலிருந்து எங்கள் ஆவணங்கள் மீது எந்தக் கேள்வியும் வரவில்லை.

மூன்றாவது கேள்வியின் முக்கியத்துவம் எனக்கு விளங்கியது கொரியர் வந்து இறங்கிய பிறகுதான். 180 நாட்களுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருபவர் நாட்டுக்குள் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவை முடிக்க வேண்டும். 2018 முதல் இது இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற இணையதளம் வழியாகவே நடக்கிறது. அழைத்தால் ஒழிய நேரில் போக வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து ஓசூருக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெங்களூர் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். ஆகவே பதிவும் பெங்களூரில்தான் என்று நானும் நினைத்திருந்தேன். எந்த அதிகாரியிடம் பதிவு என்பதை விமான நிலையம் முடிவு செய்வதில்லை, தங்கும் முகவரிதான் முடிவு செய்கிறது. பெங்களூரில் வீடு எடுத்துத் தங்கி ஓசூருக்கு நாள்தோறும் வேலைக்கு வருபவருக்குக் கர்நாடகத்தில் பதிவு. மத்திகிரியில் தங்குபவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு. மாநில எல்லையில் இருக்கும் நம் ஊருக்கே உரிய இந்தச் சிக்கலை அவர்கள் முன்கூட்டியே சொல்லி, எங்கே வீடு எடுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போனார்கள்.

மத்திகிரியில் நாங்கள் பிடித்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தனியாக வாழ்பவர். வெளிநாட்டவர் வீட்டுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் தங்குபவரின் விவரங்களைத் தெரிவிக்கும் ‘ஃபார்ம் சி’ என்ற படிவத்தை வீட்டு உரிமையாளரே இணையத்தில் பதிய வேண்டும் என்று சொன்னதும் அவர் பயந்துவிட்டார். போலீஸ் விவகாரமெல்லாம் தனக்கு வேண்டாம் என்று முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கும் தயாராகிவிட்டார். நான் பேசிப் பார்த்தேன், பயனில்லை. நிலையத்திலிருந்து வந்த பெண் ஊழியர் அவரிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கடைத்தெருவில் தமிழும் வீட்டில் தெலுங்கும் பேருந்தில் கன்னடமும் பேசுகிற ஊர் இது. “தங்கும் விடுதிக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்யப் போகிறீர்கள் அம்மா, இது உங்கள் மேல் வரும் வழக்கு அல்ல, உங்களுக்குப் பாதுகாப்பு” என்று சொல்லி, அவருடைய கைப்பேசியிலேயே பதிவைத் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாக அவரையே நிரப்பச் செய்தார். இரண்டு மணி நேரம் ஆனது. அந்த அம்மா இன்று தன் தெருவில் வேறு வீட்டுக்காரர்களுக்கு ஃபார்ம் சி நிரப்பிக் கொடுக்கிறார். கட்டண ரசீதில் இந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

இனி, பாஸ்போர்ட் பற்றிய ஒரு நிகழ்ச்சி. கொரியர் வந்த முதல் வாரத்தில் எங்கள் முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கி அலுவலகப் பெட்டகத்தில் வைத்துவிடலாம், தொலைந்துவிட்டால் பெரிய தொல்லை ஆகிவிடும் என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல, பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னதுதான். அப்போது அங்கே இருந்த ஆலோசகர் உடனே மறுத்துவிட்டார். இன்னொருவருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க வேலை கொடுப்பவருக்கு உரிமை கிடையாது, நகல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மூலம் அவருடைய கையிலேயே இருக்க வேண்டும் என்றார். என் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, தகப்பன் சாவுக்குக்கூட வர முடியாமல் அழுதது எனக்குத் தெரியும். அதைக் கேட்டு மனம் கொதித்த நானே, இங்கே பெட்டகத்தின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். அன்று அந்த ஆலோசகர் குறுக்கே பேசியதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரு தரப்புக்கும் உண்மையைச் சொல்வது அவர்களுடைய பழக்கம் என்பதற்கு இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. கொரியரின் மனைவி பின்னர் குழந்தையோடு வந்து சேர்ந்தார். வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்குரிய நுழைவு விசா அவருடையது. பெங்களூரில் ஒரு மொழிப் பயிற்சி நிலையம் அவரைக் கொரிய மொழி ஆசிரியராக அழைத்தபோது, இந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதை ஆலோசகர் அவரிடம் நேரில் விளக்கினார். வருத்தமான செய்திதான், ஆனாலும் தெளிவாகச் சொன்னார். தைவான் பொறியாளரை வேறொரு தொழிற்சாலை அதிகச் சம்பளத்துக்கு அழைத்தபோது அவர் எங்களிடம் சொல்லாமல் இவர்களிடம்தான் போய் விசாரித்தார். வேலை விசா குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டப்பட்டது, இங்கிருந்தபடியே வேறு நிறுவனத்துக்கு மாறுவது பொதுவாக இயலாது, நாடு திரும்பிப் புதிய விசா வாங்கி வர வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். கட்டணம் கொடுப்பவர்கள் நாங்கள் என்பதற்காக அவரைப் பயமுறுத்தவும் இல்லை. அவர் விசாரித்ததை எங்களிடம் வந்து ஒப்பிக்கவும் இல்லை. பின்னர் அவரே என்னிடம் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். அவருடைய சம்பளத்தை உயர்த்தி அவரைத் தக்கவைத்துக்கொண்டோம்.

பி.எஃப். விஷயத்தில் அவர்கள் தங்கள் எல்லையை அறிந்து நடந்துகொண்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2008 முதல் தனி விதி இருக்கிறது. நம்மவர்களுக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு வைத்து மாதம் 1,800 ரூபாய் பிடித்தால் போதும். அவர்களுக்கு அந்த வரம்பு கிடையாது, முழுச் சம்பளத்தின் மீதும் 12 சதவீதம் பிடிக்க வேண்டும். மாதம் 1,25,000 ரூபாய் வாங்கும் தைவான் பொறியாளருக்கு அவர் பங்கு 15,000, எங்கள் பங்கு 15,000. கொரியாவோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2011 நவம்பர் முதல் நடைமுறையில் இருப்பதால், கொரியர் வேலையை விட்டு நாடு திரும்பும்போது தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானோடும் 2016 அக்டோபர் முதல் அத்தகைய ஒப்பந்தம் உண்டு. தைவானோடு இல்லை. ஆகவே 36 வயதான அந்தப் பொறியாளர் தன் சேமிப்பைப் பெற 58 வயது வரை காத்திருக்க வேண்டும். இதைப் பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஆலோசகர் வலியுறுத்தினார். நாங்களும் அவ்வாறே செய்தோம். இந்த விதிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம்தானே, நமக்கும் அது பொருந்தாதா என்று எங்கள் முதலாளி கேட்டார். “நாங்கள் வழக்கறிஞர்கள் அல்ல சார். பிடித்தத்தை நிறுத்தும் முடிவை எங்கள் பேச்சை வைத்து எடுக்க வேண்டாம், தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்” என்றார்கள். வழக்கறிஞரும் பிடித்தத்தைத் தொடரச் சொன்னார். 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதே விதிகள் செல்லும் என்று மாறாகத் தீர்ப்பளித்த செய்தியைப் படித்தபோது, அன்று அவசரப்படாமல் இருந்தது எவ்வளவு நல்லது என்று உணர்ந்தேன்.

இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் ஒரு தேதியைத் தவறவிட்டார்கள். கொரியருக்கு முதலில் கிடைத்தது ஓராண்டு விசா. வேலை விசாவை ஆண்டுதோறும் நீட்டித்து மொத்தம் 5 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம், வரி செலுத்திய சான்று, நிறுவனத்தின் உறுதிக் கடிதம், தங்குமிடச் சான்று ஆகியவற்றோடு முடிவுத் தேதிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அறுபது நாட்களுக்கு முன்பே நினைவூட்டுவோம் என்று சேவை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2024இல் அந்த நினைவூட்டல் வரவில்லை. எங்கள் கோப்பைக் கவனித்துவந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருந்தார். தேதிகள் அவருடைய கைப்பேசியில் மட்டும் இருந்திருக்கின்றன. விசா முடிய ஒன்பது நாட்களே இருந்தபோது, கொரியர் தானே என் மேசைக்கு வந்து பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினார். அன்று மாலையே நிலையத்துக்கு ஓடினோம். மூன்று நாட்கள் இரவு பகலாக உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டார்கள். முடிவுத் தேதிக்கு முன்பே பதிவாகிவிட்டதால் சட்டப்படி சிக்கல் இல்லை, சில வாரங்களில் நீட்டிப்பும் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள்தான் கொரியருடைய தாயாரின் எழுபதாம் பிறந்தநாள் வந்தது. கொரியர்களின் வீடுகளில் அது பிள்ளைகள் எல்லோரும் கூடி நடத்தும் பெருவிழா. நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால், பழைய விசா முடிந்துவிட்ட நிலையில் திரும்பி வர முடியாது. அவர் பயணத்தை ரத்து செய்தார். விழா நாளன்று மதிய உணவு இடைவேளையில், உணவுக்கூடத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்று தாயாரோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நிலையத்தின் மீது எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாகத் தணியவில்லை. நினைவூட்டுவது அவர்கள் கடமையானாலும், அந்தத் தேதியை எங்கள் அலுவலக நாட்காட்டியிலும் எழுதி வைக்காதது என்னுடைய தவறு. ஆலோசகர் கொரியரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார், அந்த ஆண்டின் நீட்டிப்புக் கட்டணத்தை வாங்கவில்லை. அது சரியான செயல்தான். இழந்த நாளுக்கு ஈடாகாது.

இன்னொரு குறை சிறியது. முதல் ஆண்டு ரசீதில் அரசுக் கட்டணமும் சேவைக் கட்டணமும் ஒரே தொகையாகப் போடப்பட்டிருந்தன. எவ்வளவு அரசுக்குப் போனது, எவ்வளவு இவர்களுக்கு என்று பிரித்துக் கேட்டபின்தான் தந்தார்கள். இப்போது தனித்தனியாகவே எழுதுகிறார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு நாங்கள் கொடுக்கும் சேவைக் கட்டணம் 35,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பெங்களூரில் நாங்கள் விசாரித்த இடங்களில் இதைவிட அதிகமாகக் கேட்டார்கள்.

அந்த மாடிக்குப் போகும்போதெல்லாம் என் கண்ணில் படுவது வரவேற்பறைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். ‘விசா’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் பார்த்துவிட்டு, வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்று நம்பி ஏறி வந்தவர்கள். அவர்களை இந்த நிலையம் பணம் வாங்காமல் திருப்பி அனுப்புகிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் வேலையை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே செய்யலாம்; தங்களுக்கு அந்தப் பதிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதோடு நிற்காமல், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவைச் சரிபார்ப்பது எப்படி என்று காட்டிக் கொடுக்கிறார்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர மேற்கொண்டு யாரும் கேட்கக் கூடாது என்பதையும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருப்பதையும் எழுதிக் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களிடம், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும், சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இரண்டு லட்சம் கொடுத்துவிட்டேன், ரசீது இல்லை என்று ஒரு பையன் அங்கே கலங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மாங்காய்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டும் தாயின் நகையை அடகு வைத்தும் திரட்டுகிற பணம் அது. அவனைக் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்து அனுப்பியவர்களும் இவர்கள்தான். இதற்கெல்லாம் அவர்களுக்கு ஒரு பைசா வருமானம் இல்லை.

2025 செப்டம்பர் 1 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்தபோதும் அவர்களாகவே எங்களை அழைத்தார்கள். 1920ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், விமான நிறுவனங்கள் முதலானவற்றின் பொறுப்பு பற்றிய 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய நான்கும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் இந்த ஒரே சட்டம் வந்திருக்கிறது. விசா காலம் முடிந்தும் தங்கினால் 3 ஆண்டுகள் வரை சிறையும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதமும், போலி ஆவணம் பயன்படுத்தினால் 2 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமிருக்கிறது. தொழிற்சாலைக்கே வந்து ஒரு மணி நேரம் விளக்கினார்கள். கொரியரும் தைவான் பொறியாளரும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டார். சட்டம் அவர்களைப் பற்றியது, அவர்கள் இல்லாத அறையில் பேசுவது முறையல்ல என்றார். கொரியர் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி நகரத்துக்கு வீடு மாறிய செய்தி அந்தக் கூட்டத்தில்தான் வெளியே வந்தது. முகவரி மாற்றத்தை முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. புதிய வீட்டு ஒப்பந்தத்தையும் புதிய உரிமையாளரின் ஃபார்ம் சி படிவத்தையும் சேர்த்து அந்த வாரத்திலேயே பதிந்து கொடுத்தார்கள்.

இந்த ஆண்டும் சேவை ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம். இம்முறை இரண்டு வரிகளை நான் சேர்க்கச் சொன்னேன், மறுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். விசா முடிவுத் தேதிகள் நிலையத்தின் பொதுப் பதிவேட்டிலும் எங்கள் நாட்காட்டியிலும் அந்தந்த வெளிநாட்டவரின் கையிலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் வரி. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளைக் குறிப்பதற்கு முன், அதையொட்டிய மூன்று மாதங்களில் அந்த வெளிநாட்டவருடைய வீட்டில் விழாவோ சடங்கோ இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. நிலையம் திங்கள் முதல் சனி வரை காலை 10 மணிக்குத் திறக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அன்று பெஞ்சில் இடம் இருக்காது.